ஒப்பந்தப்புள்ளியில் பிழைத்திருத்தம்

பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் ‘பிழைத்திருத்தம்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. அதை நடத்தும் வணிகவியல் ஆசிரியர் முதல் வகுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவார். ஏட்டில் தவறாக எழுதிவிட்டால் அந்த வரியைச் சுரண்டக் கூடாது, அதன் மேல் வெள்ளை மை பூசவும் கூடாது. தவறான பதிவு அப்படியே இருக்கட்டும். அதைச் சரிசெய்யும் புதிய பதிவு ஒன்றை, தேதியோடும் விளக்கத்தோடும் எழுத வேண்டும். பின்னால் ஏட்டைப் புரட்டுகிறவருக்குத் தவறும் தெரிய வேண்டும், அது திருத்தப்பட்டதும் தெரிய வேண்டும்.

அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கும்போதும் கட்டுமானப் பணியை ஒப்படைக்கும்போதும் நேரும் பிழைகளுக்கும் இதுதான் அடிப்படை. ஆனால் அங்கே ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. கணக்கேட்டுப் பிழையைத் திருத்தினால் பெரும்பாலும் ஏட்டுக்குச் சொந்தக்காரரைத் தவிர வேறு யாரும் பாதிக்கப்படுவதில்லை. ஒப்பந்தப்புள்ளியில் போட்டியாளர்கள் இருக்கிறார்கள். ஒருவருடைய பிழையைத் திருத்த அனுமதித்தால் இன்னொருவருடைய வாய்ப்பு பறிபோகலாம். ஆகவே எது பிழை என்று கேட்பதோடு நின்றுவிட முடியாது. அந்தப் பிழை யாருடையது, எந்தக் கட்டத்தில் தெரியவந்தது, அதைத் திருத்தினால் யாருக்கு என்ன ஆகும் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவின் விலைப்புள்ளி முதல் பல ஆயிரம் கோடி ரூபாய்க் கொள்முதல் வரை இந்தக் கேள்விகள் மாறுவதில்லை. வகுப்பறையில் பேசவும், தலைமையாசிரியர் மேசையில் பயன்படுத்தவும் உதவும் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நாற்பது மேசைகள்

கற்பனையான ஒரு கணக்கோடு தொடங்கலாம். ஒரு பள்ளிக்கு 40 மேசைகள் தேவை. மூன்று பேர் மூடி முத்திரையிட்ட உறையில் விலைப்புள்ளி தருகிறார்கள். உறைகள் அனைவர் முன்னிலையிலும் பிரிக்கப்பட்டு விலைகள் வாசிக்கப்படுகின்றன. ‘அ’ நிறுவனம் ஒரு மேசை ரூ.2,350 என்றும், 40 மேசைக்கு மொத்தம் ரூ.84,000 என்றும் எழுதியிருக்கிறது. ‘ஆ’ நிறுவனம் மேசைக்கு ரூ.2,280, மொத்தம் ரூ.91,200. ‘இ’ நிறுவனம் மேசைக்கு ரூ.2,400, மொத்தம் ரூ.96,000.

மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் ‘அ’ தான் குறைந்த விலை. ஆனால் 2,350-ஐ 40-ஆல் பெருக்கினால் 94,000 வருகிறது. எங்கோ தவறு. அலகு விலை சரியென்றால் மொத்தம் தவறு. அப்போது ‘ஆ’ முந்திவிடுகிறது. மொத்தம் சரியென்றால் அலகு விலை ரூ.2,100 ஆக இருந்திருக்க வேண்டும். 2,100-ஐ 40-ஆல் பெருக்கினால் சரியாக 84,000 வருகிறது. அப்படியானால் ‘அ’ எழுத நினைத்தது 2,100 தானோ?

மாணவர்களிடம் இதைக் கொடுத்தால் பெரும்பாலோர் சொல்லப்போவது, ‘அவரையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாமே’ என்பதுதான். இயல்பான யோசனை. வீட்டுக்குப் பொருள் வாங்கும்போது நாமும் அதைத்தான் செய்வோம். ஆனால் உறைகள் பிரிக்கப்பட்டுவிட்டன. ‘ஆ’ கேட்ட விலை ரூ.91,200 என்பது இப்போது ‘அ’வுக்குத் தெரியும். ‘நான் எழுத நினைத்தது 2,100 தான்’ என்று சொன்னால் பணி அவருக்கு. அந்த விலை கட்டுப்படியாகாது என்று தோன்றினால் ‘2,350 தான் சரி’ என்று சொல்லிக் கழன்றுகொள்ளலாம். தேர்வு முடிந்து விடைக்குறிப்பும் வெளியான பிறகு ஒரே ஒரு மாணவரிடம் மட்டும் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்து, ‘நீ எழுத நினைத்தது எது’ என்று கேட்பதைப் போன்றது இது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். மற்ற இருவருக்கும் அந்த வாய்ப்பு தரப்படவில்லை என்பதுதான் இங்கே சிக்கல். இதற்கு ஒருமுறை இடம் கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு கெட்டிக்காரர்கள் எல்லோரும் வேண்டுமென்றே பொருந்தாத இரண்டு எண்களை எழுதிக் கொண்டு வருவார்கள்.

இதனால்தான் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் விதி முன்கூட்டியே எழுதப்படுகிறது. அலகு விலைக்கும் மொத்தத்துக்கும் பொருத்தமில்லை என்றால் அலகு விலையே கணக்கில் கொள்ளப்படும். எண்ணால் எழுதியதும் எழுத்தால் எழுதியதும் மாறுபட்டால் எழுத்தால் எழுதியதே செல்லும். மத்திய நிதி அமைச்சகம் வெளியிட்ட சரக்குக் கொள்முதல் கையேடும் இவ்வாறே சொல்கிறது. இப்படித் திருத்திய தொகையை ஏற்க மறுப்பவரின் ஒப்பந்தப்புள்ளி ஒதுக்கப்படும் என்றும் சொல்கிறது. நம் கணக்கில் ‘அ’வின் விலை ரூ.94,000 ஆகிறது. மேசைகள் ‘ஆ’விடம் வாங்கப்படுகின்றன.

ஒருவேளை ‘அ’ உண்மையிலேயே 2,100 என்றுதான் எழுத நினைத்திருந்தால் பள்ளிக்கு ரூ.7,200 நட்டம். அந்த நட்டத்தை வகுப்பில் மறைக்க வேண்டியதில்லை. விதி எப்போதும் மிகக் குறைந்த விலையைப் பெற்றுத் தரும் என்று சொல்லிக்கொடுத்தால் மாணவர்கள் அடுத்த கேள்வியிலேயே நம்மை மடக்கிவிடுவார்கள்.

புருலியாவில் நடந்தது

இதே கேள்வி பெரிய அளவில் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. மேற்கு வங்க மாநில மின்சார வாரியம் புருலியா மாவட்டத்தில் நீரேற்று மின் திட்டம் ஒன்றை அமைக்க, சர்வதேச அளவில் ஒப்பந்தப்புள்ளி கோரியது. இரவில் உபரியாகும் மின்சாரத்தைக் கொண்டு கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை கூடும் நேரத்தில் அதைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் வகைத் திட்டம் அது. படேல் இன்ஜினியரிங் உள்ளிட்ட நிறுவனங்கள் கூட்டாகத் தந்த ஒப்பந்தப்புள்ளியில் அலகு விலைகளுக்கும் அவற்றைப் பெருக்கி வந்த தொகைகளுக்கும் பல இடங்களில் பொருத்தம் இல்லை. கணினியில் நேர்ந்த தவறு திரும்பத் திரும்பப் பதிவாகிவிட்டது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆவணத்தில் சொல்லியபடி அலகு விலையை வைத்துத் திருத்தினால் அவர்களுடைய மொத்த விலை ஏறிவிடும். எனவே அலகு விலையையே திருத்திக்கொள்ள அனுமதி கேட்டார்கள். கொல்கத்தா உயர் நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

மின்சார வாரியம் மேல்முறையீடு செய்தது. 2001 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றியது. குறைந்த விலையை இழப்பது பொது நலனுக்கு எதிரானது என்ற வாதம் அங்கே வலுவாக வைக்கப்பட்டது. சிறிய வாதம் அல்ல. பேசப்பட்டது கோடிக்கணக்கான ரூபாய். ஆனால் எல்லோருக்கும் ஒரே விதி என்று அறிவித்துவிட்டு ஒருவருக்கு மட்டும் அதைத் தளர்த்துவது மற்றவர்களுக்கு இழைக்கும் பாகுபாடு என்று நீதிமன்றம் கருதியது. கவனமாக இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய பிழையை, உறை பிரித்த பிறகு சலுகையாகத் திருத்திக்கொள்ள முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். பொது நலன் விலையில் மட்டும் அடங்கிவிடுவதில்லை, விதியைப் பின்பற்றுவதிலும் இருக்கிறது என்பதை இத்தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. பிறகு வந்த பல ஒப்பந்தப்புள்ளி வழக்குகளில் இது எடுத்துக்காட்டப்பட்டது.

அதற்காக எந்தக் குறையையும் மன்னிக்கவே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வாரணாசி டீசல் ரயில் எஞ்சின் தொழிற்சாலையின் ஒப்பந்தப்புள்ளி தொடர்பாக 1991இல் வந்த ஒரு வழக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முன்வைப்புத் தொகையை ரொக்கமாகவோ ஸ்டேட் வங்கி வரைவோலையாகவோ செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. அதிக விலை தர முன்வந்த நிறுவனம் யூனியன் வங்கியின் காசோலையைச் செலுத்தியிருந்தது. அதைத் தொழிற்சாலை ஏற்றுக்கொண்டது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். பணம் பத்திரமாகக் கிடைக்க வேண்டும் என்பதுதான் அந்த நிபந்தனையின் நோக்கம். வங்கியின் பெயர் துணை விவரம்.

இரண்டு வழக்குகளையும் அடுத்தடுத்துப் படித்தால் கோடு எங்கே விழுகிறது என்பது புலப்படும். வரைவோலைக்குப் பதில் காசோலை என்பதை மன்னித்தால் யாருடைய விலையும் மாறுவதில்லை, வரிசையும் மாறுவதில்லை. அலகு விலையைத் திருத்த விட்டால் வரிசையே மாறிவிடும். கையொப்பமிட மறந்த துணைத்தாள், பக்க எண் இல்லாத இணைப்பு போன்றவை பெரும்பாலும் முதல் வகை. விலை, அளவு, தரம், வழங்கும் காலம் ஆகியவை இரண்டாம் வகை. இடையில் சந்தேகத்துக்கு இடமான பகுதி ஒன்று எப்போதும் இருக்கும். அங்கே அலுவலர் முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும்; காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும்.

உறை பிரிப்பதற்கு முன்

அலுவலகத்தின் பிழை உறை பிரிப்பதற்கு முன்பே தெரியவந்தால் வேலை எளிது. அறிவிப்பில் மேசையின் நீளம் தவறாக அச்சாகிவிட்டது, ஒரு நிபந்தனை இன்னொன்றோடு முரண்படுகிறது, விடுமுறை நாளைக் கடைசி நாளாகக் குறித்துவிட்டார்கள் என்பன போன்றவை. நம் மாநிலத்தில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும், அதன் கீழ் வகுக்கப்பட்ட 2000ஆம் ஆண்டின் விதிகளும் இதற்கு வழி சொல்கின்றன. ஒப்பந்தப்புள்ளி திறக்கப்படும் முன் ஆவணத்தில் மாற்றம் செய்யலாம். ஆனால் ஆவணம் வாங்கிய எல்லோருக்கும் அந்த மாற்றம் தெரிவிக்கப்பட வேண்டும். ஒருவர் விளக்கம் கேட்டால் அவருக்கு மட்டும் பதில் சொல்லி முடித்துவிட முடியாது. அதே பதில் மற்றவர்களுக்கும் போக வேண்டும், கேட்டது யார் என்பதை வெளியிடாமல்.

இந்தக் கடைசி ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். வகுப்பில் ஒரு மாணவி தேர்வுத்தாளில் உள்ள அச்சுப்பிழையைக் கண்டுபிடித்து ஆசிரியரிடம் கேட்கிறாள் என்று வையுங்கள். நல்ல ஆசிரியர் அவள் காதில் மட்டும் விடை சொல்லிவிட்டுப் போவதில்லை. கரும்பலகையில் எழுதி எல்லோரையும் திருத்திக்கொள்ளச் சொல்வார். தேவைப்பட்டால் ஐந்து நிமிடம் கூடுதலாகத் தருவார். திருத்த அறிவிப்பும் கால நீட்டிப்பும் அதே வேலையைத்தான் செய்கின்றன. 2 கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. அந்த அவகாசத்தின் கடைசி நாளன்று நிபந்தனையை மாற்றிவிட்டுத் தேதியை மாற்றாமல் விட்டால், திருத்தமே புதிய பிழையாகிவிடுகிறது.

மதிப்பிட்டவரே தவறினால்

இதுவரை பார்த்தவை போட்டியாளரின் பிழையும் அறிவிப்பின் பிழையும். மதிப்பீடு செய்தவர்களே தவறியிருந்தால்? நம் மாநிலச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, ஆவணத்தில் சொல்லப்பட்ட அளவுகோல்களைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்கிறது. அதன் கீழ் பிறப்பிக்கப்பட்ட ஆணையால் பாதிக்கப்பட்டவர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய 11ஆம் பிரிவு இடம் தருகிறது. இத்தகைய பிழை எப்படி நேர்கிறது, எப்படித் திருத்தப்படுகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்க விமானப்படையின் எரிபொருள் நிரப்பு விமானக் கொள்முதலைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பறந்துகொண்டிருக்கும் போர் விமானத்துக்கு வானிலேயே எரிபொருள் நிரப்பும் 179 விமானங்கள் தேவைப்பட்டன. போட்டியில் இரண்டு தரப்புகள்: போயிங் நிறுவனம் ஒன்று, ஐரோப்பிய ஏர்பஸ்ஸின் தாய் நிறுவனத்தோடு சேர்ந்த நார்த்ராப் கிரம்மன் மற்றொன்று. 2008 பிப்ரவரி 29 அன்று விமானப்படை நார்த்ராப் தரப்பைத் தேர்ந்தெடுத்தது. சுமார் 3,500 கோடி டாலர் மதிப்புள்ள திட்டம். போயிங் மார்ச் மாதத்தில் முறையிட்டது.

முறையீடு போன இடம் நீதிமன்றம் அல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழ் இயங்கும் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் இத்தகைய முறையீடுகளை விசாரித்து 100 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உரிய காலத்துக்குள் முறையிட்டால், அவசரத் தேவை என்று துறை எழுத்தில் காரணம் காட்டினாலொழிய, ஒப்பந்தப் பணி தானாகவே நின்றுவிடும். அந்த அலுவலகத்தின் முடிவு சட்டப்படி ஒரு பரிந்துரைதான். ஆனால் அரசுத் துறைகள் அனேகமாக எப்போதும் அதை ஏற்றுக்கொள்கின்றன.

2008 ஜூன் 18 அன்று முடிவு வந்தது. எந்த விமானம் சிறந்தது என்று அதில் சொல்லப்படவில்லை; அது தங்கள் வேலை இல்லை என்று விட்டுவிட்டார்கள். மதிப்பீடு எப்படி நடந்தது என்பதை மட்டும் பார்த்தார்கள். குறிப்பிட்ட இலக்கைத் தாண்டினால் அதற்காகக் கூடுதல் மதிப்பு இல்லை என்று ஆவணத்தில் எழுதியிருந்தும், எரிபொருள் அளவில் இலக்கைத் தாண்டியதற்காக நார்த்ராப்புக்குக் கூடுதல் மதிப்பு தரப்பட்டிருந்தது. ஓர் இலக்கை முழுமையாக நிறைவு செய்துவிட்டதாகப் போயிங்கிடம் சொல்லிவிட்டு, பிறகு ஓரளவுதான் நிறைவு செய்திருக்கிறது என்று முடிவு மாறியபோது அதைத் தெரிவிக்கவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது செலவுக் கணக்கு. விமானத்தின் வாழ்நாள் முழுவதற்கும் ஆகக்கூடிய செலவைக் கணக்கிட்டதில் தவறுகள் இருந்ததை விசாரணையின்போது விமானப்படையே ஒப்புக்கொண்டது. அவற்றைத் திருத்தியதும் குறைந்த செலவு யாருடையது என்பதே தலைகீழானது. போயிங்கின் செலவுதான் குறைவு என்று வந்தது.

பிழை நிறுவப்பட்டாயிற்று. அதனால் போயிங்குக்கே கொடுத்துவிடலாமா? அப்படிச் செய்யவில்லை. பேச்சுவார்த்தையை மீண்டும் தொடங்கி, திருத்திய விலைகளைப் பெற்று, மறுபடி மதிப்பிட்டு முடிவெடுக்கும்படி பரிந்துரை வந்தது. பிழை நேர்ந்த படிக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி நடந்து வருவது என்று இதைச் சொல்லலாம். முறையிட்டவருக்குப் பரிசாக ஒப்பந்தத்தைக் கொடுத்தால் ஒரு தரப்பின் குறையைத் தீர்க்க மறு தரப்புக்குக் குறை வைத்ததாகும். அந்த மறுசுற்றும் இழுபறியாகி, 2008 செப்டம்பரில் பாதுகாப்புத் துறை அந்தப் போட்டியையே ரத்து செய்தது. புதிய அறிவிப்பு 2010இல் வந்தது. நார்த்ராப் விலகிக்கொள்ள, ஐரோப்பிய நிறுவனம் தனித்துப் போட்டியிட்டது. 2011 பிப்ரவரி 24 அன்று போயிங் தேர்வானது. ஒரு மதிப்பீட்டுப் பிழைக்கு விலை மூன்று ஆண்டுகள்.

இந்தக் கதையின் நடுவே, 2010 நவம்பரில் இன்னொரு பிழையும் நேர்ந்தது. ஒரு நிறுவனத்தின் விமானம் பற்றிய மதிப்பீட்டுத் தகவலைக் கொண்ட வட்டுகளை அலுவலர்கள் மாற்றி அனுப்பிவிட்டார்கள். போயிங்குக்குப் போக வேண்டியது போட்டியாளருக்கும், போட்டியாளருக்குப் போக வேண்டியது போயிங்குக்கும் போய்ச் சேர்ந்தது. பார்த்துவிட்டதைப் பார்க்காததாக ஆக்க முடியாது. யார் எந்த அளவுக்கு அந்தத் தகவலைப் பார்த்தார்கள் என்று விசாரித்துவிட்டு, இரு தரப்பின் கையிலும் ஒரே அளவு தகவல் இருக்கும்படி விமானப்படை செய்தது. பழைய நிலைக்குத் திரும்ப வழியே இல்லாதபோது எல்லோரையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவதும் ஒரு திருத்த முறை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட முறையீடுகளில் மிகச் சிலவே முழு விசாரணை வரை போகின்றன. முறையீட்டைப் படித்துப் பார்த்ததும், தவறு தன்னுடையது என்று தெரிந்தால் துறையே முன்வந்து திருத்த நடவடிக்கை எடுத்துவிடுகிறது. 2024 நிதியாண்டில் அந்த அலுவலகத்துக்கு வந்த முறையீடுகளில், துறை தானே திருத்தியதையும் அலுவலகம் தவறு என்று முடிவு செய்ததையும் சேர்த்து, 52 விழுக்காட்டில் முறையிட்டவருக்கு ஏதோ ஒரு நிவாரணம் கிடைத்தது. இதைக் கேட்டு, பாதிக்குப் பாதி தவறா என்று அதிர்ச்சி அடைய வேண்டாம். முறையீடே வராத கொள்முதல்கள் இவற்றைவிடப் பன்மடங்கு அதிகம். தவறைச் சுட்டிக்காட்டியவரை எதிரியாகப் பார்க்காமல் கோப்பை மறுபடி திறந்து பார்க்கும் பழக்கம் அந்த நடைமுறைக்குள்ளேயே இருக்கிறது என்பதைத்தான் நான் இங்கே கவனிக்கச் சொல்கிறேன்.

ஒப்பந்தம் முடிவான பிறகு

பணி ஆணை கொடுத்து, எதிர்த்தரப்பு பணமும் போட்டுவிட்ட பிறகு ‘பிழை நேர்ந்துவிட்டது, ரத்து செய்கிறோம்’ என்று சொல்வது எளிதாக இருக்கக் கூடாது. கொல்கத்தா பெருநகர வளர்ச்சி ஆணையம் ஒரு புறவழிச் சாலையில் இரண்டு சுரங்கப்பாதைகளைப் பராமரிக்கும் பணியை, அங்கே விளம்பரம் வைத்துக்கொள்ளும் உரிமையோடு பத்தாண்டுக்கு ஒருவருக்குக் கொடுத்தது. 2023 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குறை இருப்பதாகச் சொல்லி அதை ரத்து செய்தது. 2024 ஜூலை 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்து தன்னிச்சையானது என்று கூறித் தள்ளுபடி செய்தது. இன்னும் கூடுதல் வருவாய் கிடைத்திருக்கும் என்ற எண்ணம் மட்டுமே பொது ஒப்பந்தத்தை முறிக்கப் போதுமான காரணம் ஆகாது என்று அத்தீர்ப்பு விளக்கியது.

ஆக, ‘பிழைத்திருத்தம்’ என்ற பெயரே சில சமயம் முகமூடியாகவும் பயன்படும். வேண்டாதவரை விலக்க, வேண்டியவருக்கு இன்னொரு வாய்ப்புத் தர, ‘தொழில்நுட்பக் காரணம்’ என்ற சொல் கைகொடுக்கும். எது பிழை, எப்போது யார் கண்டார்கள், சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்கப்பட்டதா என்பவை கோப்பில் இல்லாவிட்டால் நல்ல திருத்தத்துக்கும் கெட்ட திருத்தத்துக்கும் வேறுபாடு சொல்ல முடியாது.

பள்ளி மேசையில்

நம் பள்ளிகளில் விலைப்புள்ளி பெற்று, ஒப்பீட்டு விவரப்பட்டியல் தயாரித்து, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு வாங்கப்படும் பொருள்கள் தொகையில் சிறியவை. முறை ஒன்றுதான். பொதுப்பணி அலுவலகங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. உறையைப் பிரித்ததும், விலைத்தாளில் உள்ள அடித்தல், மேலெழுத்து ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, எண் கொடுத்து, சுருக்கொப்பமிடுவார்கள். ஒரு பக்கத்தில் எத்தனை திருத்தங்கள் என்பதையும் குறிப்பார்கள். பிறகு யாரும் ஓர் எண்ணை மாற்றிவிட முடியாது. மூன்று விலைப்புள்ளிகளுக்கு இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

ஒப்பீட்டுப் பட்டியலில் தவறு பின்னால் தெரியவந்தால் புதிய பட்டியலைத் தயாரித்துப் பழைய தேதி போட்டு வைத்துக்கொள்ளும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. பழைய பட்டியல் கோப்பிலேயே இருக்கட்டும். திருத்திய பட்டியலை அன்றைய தேதியில் தயாரித்து, என்ன தவறு, அது எப்படித் தெரியவந்தது என்று இரண்டு வரி எழுதி, குழுவின் முன் வைத்துத் தீர்மானத்தில் பதிய வேண்டும். வழங்கல் ஆணை ஏற்கெனவே போயிருந்தால் அதை நிறுத்தி வைப்பதாக நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, மேலலுவலரின் அறிவுரையைப் பெற வேண்டும். தணிக்கைக்கு வருபவர் ஒரு திருத்தத்தைக் கண்டு கேள்வி கேட்கலாம்; பதில் கோப்பிலேயே இருக்கும். மாற்றி எழுதிய பட்டியலைக் கண்டால் அவர் கேட்கும் கேள்விக்கு எந்தக் கோப்பிலும் பதில் இருக்காது.

வகுப்பில் இதைச் செய்து பார்க்க ஒரு பாடவேளை போதும். ஏழாம், எட்டாம் வகுப்பில் பெருக்கல் பிழையைக் கண்டுபிடிக்கும் பயிற்சியாகவும், ஒன்பது, பத்தாம் வகுப்புக் குடிமையியலில் சமவாய்ப்பு பற்றிய விவாதமாகவும், பதினொன்றாம் வகுப்பில் பிழைத்திருத்தப் பாடத்தின் தொடர்ச்சியாகவும் நடத்தலாம். மூன்று மாணவர்கள் ‘அ’, ‘ஆ’, ‘இ’ நிறுவனங்கள். இருவர் கொள்முதல் குழு. ஒருவர் மேல்முறையீடு கேட்பவர். மேலே சொன்ன விலைகளை உறையில் இட்டுக் கொடுத்து, பிரித்து வாசிக்கச் செய்யுங்கள். ‘அ’வாக இருப்பவர் தன் கட்சியை வாதாடட்டும். ‘ஆ’ சும்மா இருக்கமாட்டார்.

அது முடிந்ததும் கணக்கைச் சற்று மாற்றிக் கொடுங்கள். இப்போது பிழை நிறுவனத்துடையது இல்லை. ‘ஆ’ தன் தாளில் ரூ.2,280 என்று சரியாகவே எழுதியிருக்கிறது. ஒப்பீட்டுப் பட்டியலில் பெயர்த்தெழுதும்போது அலுவலகத்தில் அதை 2,820 என்று எழுதிவிட்டார்கள். அப்படியானால் ‘ஆ’வின் மொத்தம் ரூ.1,12,800 ஆகிறது, ‘அ’வின் ரூ.94,000 குறைந்த விலையாகத் தெரிகிறது. வழங்கல் ஆணை ‘அ’வுக்குப் போய்விட்டது. அவர் நேர்மையாக 20 மேசைகளைச் செய்து கொண்டுவந்து இறக்கியும் விட்டார். மீதி 20 மேசைகளுக்கு மரம் அறுத்துக்கொண்டிருக்கிறார். அன்று மாலை ‘ஆ’வின் கடிதம் வருகிறது. குழுவில் இருக்கும் இரண்டு மாணவர்களும் என்ன செய்யப் போகிறார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், காரணத்தோடு.